பின் இருக்கையின் கீழே ஊறியிருந்த எண்ணெய்

புஷ்பா காடியின் பின்கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் கிடந்த மிதியடியைத் தூக்கிக் காட்டினாள்.

"இதான்க்கா. வெயில்ல நின்னா உள்ள ஒக்கார முடியல. ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பிள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டே வருதுங்க."

அது ஒரு சனிக்கிழமை காலை. டுரியான் துங்காலில் என் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட கொட்டகையில்தான் என் பிழைப்பு. கார், வேன் என்று வரும் காடிகளின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து கொடுப்பேன். சீட்டு, மேற்கூரைத் துணி, கார்ப்பெட் எல்லாம் செய்வேன். புஷ்பா எங்கள் தமான் குடியிருப்பிலேயே மூன்று லோரோங் சந்து தள்ளிக் குடியிருப்பவள். அவள் கணவர் கணேசன் புக்கிட் ரம்பாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் சேகர் அதே தொழிற்சாலையில் மிஷின் ஓட்டுபவர்.

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறக் கார்ப்பெட். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொடங்கி நடுமேடு வரைக்கும் கறுத்துக் கிடந்தது. விரலை வைத்து அழுத்தினேன். அடியில் இருக்கும் பஞ்சு எண்ணெயைக் கக்கியது.

என்ன எண்ணெய் என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அன்னைக்கி சேகர் அண்ணன ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனாருல்ல, அப்ப ஆனதுதான். அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்னே மூனு வாரமாச்சி. அவருகிட்ட சொல்லாம நானே எடுத்தாந்துட்டேன்."

இதையேதான் முந்தின நாள் மாலை கைப்பேசியில் குரல் பதிவாகவும் அனுப்பியிருந்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நேரில் கேட்டபோதும் உடனே உறைக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள், முழுக்கக் காய நாளாகும், கதவைத் திறந்தே போட்டு வை என்று சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

எனக்குத் தெரிந்த எண்ணெய்கள்

இந்தத் தொழிலுக்கு நான் வந்த கதையை இந்தப் பத்திரிகைத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஆயர் குரோ பக்கம் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் ஆறு வருடம் காடி கழுவினேன். அதற்குப் பிறகு சொந்தமாகப் பதினொரு வருடம். கையுறை போட்டாலும் நகக்கண்ணில் ஏதாவது ஒரு எண்ணெய் இருந்துகொண்டே இருக்கும்.

தைப்பூசம் முடிந்த வாரத்தில் வருவது பாலும் நல்லெண்ணெயும். தீபாவளிக்கு முன்னால் முறுக்குச் சுட வாங்கிய எண்ணெய் டின் கவிழ்ந்து வரும். நோன்புப் பெருநாள் முடிந்தால் ரெண்டாங் இறைச்சிச் சட்டி சாய்ந்த காடிகள் வரிசையாக வரும். பட்டறைக்காரர்களின் காடியில் கறுப்பு எஞ்சின் எண்ணெய். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.

யாரும் தான் கொட்டியதாகச் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் எண்ணெய் தானாகத்தான் கொட்டும்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பரவும். முதலில் பழைய துணியைப் போட்டு ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும், துணியில் ஈரம் ஒட்டாத வரைக்கும். பிறகு சோடா மாவும் சோள மாவும் கலந்து கனமாகத் தூவி, இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். மாவு மஞ்சளாகிக் கட்டி கட்டும். அதை உறிஞ்சும் வேக்கும் மிஷினில் இழுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மென்மையான பிரஷ்ஷால் போக வேண்டும். தண்ணீரை உறிஞ்சி எடுத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். அவசரக்காரர்கள் மேலே மட்டும் துடைத்துவிட்டுப் பளிச்சென்று காட்டுவார்கள். அடிப்பஞ்சில் இருக்கும் எண்ணெய் ஒரே வாரத்தில் மேலே ஏறி வந்துவிடும்.

அன்றைக்கும் வழக்கம் போல ஒத்தி எடுத்தேன். துணி மாற்றி மாற்றி ஏழு துணி. கடைசித் துணியைப் பிழிந்தபோது பழுப்பு கலந்த மஞ்சளாகச் சொட்டியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அந்த வாடை எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாக என் வீட்டுக்காரரின் வேலைச் சட்டையிலிருந்து நான் துவைத்து எடுத்த வாடை. மிஷினை அழுத்தி மூடும் பம்புக்குள் ஓடுகிற எண்ணெய் அது.

என் வீட்டுக்காரர் விழுந்தது எங்கள் வீட்டுப் பாத்ரூமில். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பாத்ரூமில் இந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது?

மூன்று வாரம் நான் சுமந்தது

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் ரெம்பியாவில் இருந்தேன். என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. இவர் வரவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்றார். கிளம்பும் முன் பாத்ரூம் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போனேன்.

மத்தியானம் கணேசன் போன் செய்தார். அண்ணனைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன், பாத்ரூமில் விழுந்து கிடந்தார், என் காடியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டேன், பயப்படாமல் வாருங்கள் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது இவருக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்பெலும்பில் விரிசல். வலது மணிக்கட்டு உடைந்து தகடு வைக்க வேண்டும். உடுப்பு எங்கே என்று கேட்டேன். வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்றார் கணேசன். தலைமுடியில் எண்ணெய் வாடை அடித்தது. இவர் மேல் எப்போதும் அடிக்கிற வாடைதானே, நான் அதை யோசிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் கணேசன் முன்னால் நின்று அழுதேன். காலையில் நான்தான் சோப்புப் போட்டுக் கழுவினேன், சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருப்பேன், என்னால்தான் ஆனது என்று சொல்லி அழுதேன். அந்த மனிதர் என் தோளைத் தட்டி, விடுங்கக்கா, யாருக்கும் நடக்கிறதுதான் என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். இவருடைய அக்கா பார்க்க வந்தபோதெல்லாம் பாத்ரூம் வாசலில் நின்று தரையைக் காலால் தேய்த்துப் பார்த்து, என்னை ஏசிவிட்டுப் போவார். நான் கடைக்கு ஓடி ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டேன். சுவரில் கைப்பிடி அடித்தேன். அந்தப் பாத்ரூமை எத்தனை முறை கழுவினேன் என்று கணக்கில்லை. கணேசன் வீட்டுக்கு ஒரு தட்டு நிறையப் பழமும் கேசரியும் எடுத்துக்கொண்டு போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

மாவைத் தூவிவிட்டு

கறை மேல் மாவைத் தூவிவிட்டு வீட்டுக்குள் போனேன். இவர் கூடத்தில் கட்டிலில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினேன். பிழிந்த துணியை அவர் மடியில் போட்டேன்.

"இது எங்க ஊத்துன எண்ணெ?"

பார்த்தார். இடது கையால் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"நம்ம பாத்ரூம்லயா மிஷின் ஓடுது? சொல்லுங்க. எங்க விழுந்தீங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பிய அரை மணி நேரத்தில் கணேசன் போனில் கூப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமை பெரிய ஆர்டர், நாலாம் நம்பர் மிஷினை மட்டும் சுத்தம் செய்து வைக்க வேண்டும், வருகைக் கார்டு அடிக்க வேண்டாம், பிறகு பார்த்துச் செய்கிறேன் என்று. தானே காடியில் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த மிஷினின் பின்னால் குழாய் கசிந்துகொண்டிருந்தது இரண்டு மாதமாக எல்லாருக்கும் தெரியும். இவரே மூன்று முறை சொல்லியிருக்கிறார். அட்டையைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அட்டை எண்ணெயில் ஊறி வழுக்கி, இவர் அந்தக் குளத்திலேயே விழுந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் தொழிற்சாலை வாசலுக்கு வந்தால் கேள்வி வரும். பின் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடத்திக்கொண்டு வந்திருக்கிறார். வழியெல்லாம் கணேசன் சொல்லிக்கொண்டே வந்தது இதுதான்: வீட்டில் விழுந்ததாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வேலையும் போகும், என் வேலையும் போகும்.

"ரிட்டயராவ மூனு வருசம்தானே இருக்கு, வசந்தி," என்றார் இவர். "வேலைய விட்டுத் தூக்கிட்டா யாரு எனக்கு வேல குடுப்பா?"

நான் கேட்க நினைத்தது வேலையைப் பற்றி அல்ல. மூன்று வாரமாக நான் அந்தத் தரையைத் தேய்த்ததை இந்த மனிதர் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். உங்கள் அக்கா என்னை ஏசியபோதுகூட வாய் திறக்கவில்லையே என்றேன்.

அவருடைய கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. கலங்குகிற நிலையில் நான் இல்லை.

அப்பாவின் கண்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். ஒரு நாள் மட்டை சரிந்து முள் வலது கண்ணில் குத்திவிட்டது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி புத்தகத்தில் என்ன எழுதினார் தெரியுமா? லயத்து வீட்டருகே ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது குத்தியது என்று. எங்களிடம் ஆடே கிடையாது.

அப்பா அதில் கைநாட்டு வைத்தார். கேட்டால், கிராணி நல்ல மனிதர், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை லாரியில் ஏற்றிவிடுகிறவர், அவரைப் பகைக்கலாமா என்பார். கடைசிவரை ஒற்றைக் கண்ணோடுதான் இருந்தார். அந்தக் கிராணி வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ப் பந்தலும் போட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. இல்லாத ஆட்டை நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன். பெரியவளாகிப் படித்துவிட்டால் இப்படியெல்லாம் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்தது. இந்த முறை கைநாட்டுக்குப் பதில், வீட்டில் விழுந்ததாக ஆஸ்பத்திரித் தாளில் இவர் போட்ட கையெழுத்து.

காடியை எடுக்க வந்தவர்

இரண்டு மணிக்கு வந்தது புஷ்பா அல்ல. கணேசன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர், காடி எங்கே போனது என்று கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டதும் நிற்காமல் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

கதவு திறந்திருந்தது. கறை மேல் மாவு மஞ்சளாகக் கட்டிப் போய்க் கிடந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

முடிக்கவில்லை, முடிக்கவும் மாட்டேன், உங்களுக்கு வேண்டுமானால் வேறு எங்காவது கொண்டுபோங்கள் என்றேன். படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டார். மேலிடத்தில் குழாயை மாற்றச் சொல்லித் தானும் எழுதியதாகவும், அவர்கள் கேட்கவில்லை என்றும் சொன்னார். தனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம்.

"நமக்குள்ள முடிச்சிக்கலாம்லாக்கா. நம்ம ஆளுங்கதானே."

"நம்ம ஆளா இருக்கப்போயிதான் நான் அழுதப்ப தோளத் தட்டுனீங்களா?"

சாவியை நீட்டினேன். மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு, மாவோடு காடியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடிதம்

திங்கட்கிழமை காலை இவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான்தான் பேச வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் மலாயில் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டு வந்தேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்து, எங்கே விழுந்தீர்கள் பாக்சிக் என்று மரியாதையாகக் கேட்டார்.

இவர் தன் கைக்கட்டைப் பார்த்தார்.

"டி கிலாங், புவான்," என்றார். தொழிற்சாலையில்.

அந்த மூன்று சொல்லுக்குப் பிறகு இவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போனது. பாதிதான்.

கம்பெனியிடமிருந்து பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. மறுபடி கூப்பிட்டார்கள். அதிகாரி கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைக்குத் தொழிற்சாலை விடுமுறை, இவர் அங்கு வரவே இல்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. விபத்து நடந்த காலையில் வீட்டுப் பாத்ரூம் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியதாக அவருடைய மனைவியே எங்கள் ஊழியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் அழுததை எடுத்துக்கொண்டு போய், டைப் அடித்து, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள்.

அதுவரைக்கும் புஷ்பாவின் குரல் பதிவை நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. அவள் குடும்பத்தில் வெடி வைக்க வேண்டாம் என்று இருந்தேன். அந்த வரியைப் படித்ததும் கைப்பேசியை எடுத்து மேசை மேல் வைத்து அழுத்தினேன். 'அக்கா, சேகர் அண்ணன ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போன அன்னைக்கி பின்னாடி எல்லாம் எண்ணெ ஊறிப் போயிருச்சிக்கா' என்று அந்த அறையில் அவள் குரல் கேட்டது. அதிகாரிக்குத் தமிழ் புரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் இரண்டு முறை கேட்டு, மலாயில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எழுதி முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் குறிப்பைக் கேட்டு வாங்கினார்கள். கொண்டுவந்தபோது உடம்பு முழுக்க எண்ணெய் இருந்தது, துடைத்துவிட்டோம் என்று ஒரு தாதி அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாதி யாரென்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

வேலையிடத்து விபத்து என்று தீர்ப்பானது. நாலாம் நம்பர் மிஷினுக்குப் புதுக் குழாய் போட்டுவிட்டார்களாம். இவர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கையால் கோப்பையைத் தூக்க முடியாது. கணேசன் இன்னமும் அதே தொழிற்சாலையில், அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இதை எழுதும் இந்த நிமிடம்கூட எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.

புஷ்பா வந்தாள்

தீர்ப்பு வந்து சில வாரம் கழித்து புஷ்பா என் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் தயாரானேன். என்ன நடந்தது, யார் பொய் சொன்னது என்று பட்டியல் போட வாயைத் திறந்தேன். எல்லாம் தெரியும் என்று கையைக் காட்டினாள். அவர் ஒரு மாதமாகத் தன்னோடு பேசவில்லையாம். தெரிந்தே அனுப்பினாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"எங் கொரல அந்த ஆபீஸ்ல போட்டீங்களே," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே வந்து சொல்லியிருப்பேன்க்கா."

அவளைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கேட்டால் மறுத்துவிடுவாள் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பிறகு கோபம் வந்ததும் கேட்காமலே எடுத்து வீசிவிட்டேன். உள்ளே வந்து உட்கார், தண்ணீர் குடி என்றேன். பிள்ளைகளைக் கூப்பிடப் போக வேண்டும் என்று போய்விட்டாள்.

அதனால் இந்த அத்தியாயத்தை எழுதும் முன்னால் அவள் வீட்டுக்குப் போனேன். கணேசன் வேலைக்குப் போயிருந்தார். இப்படி எழுதப் போகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், இல்லை பெயரை மட்டும் மாற்றவா என்று கேட்டேன்.

புஷ்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தாதீங்க," என்றாள். "வாராவாரம் அவருதான் நீங்க எழுதுற பேப்பர வாங்கியாராரு. படிக்கட்டும்."